தீவனத்தில் தாது, குடலில் நுண்ணுயிர்

கால்நடைத் தீவனத்தில் சேர்க்கப்படும் துத்தநாகம், செம்பு போன்ற நுண்தாதுக்களில் சிறு பங்கையே விலங்கின் குடற்சுவர் உறிஞ்சிக்கொள்கிறது. மீதி சாணத்தோடு வெளியேறிவிடும். வெளியேறுவதற்கு முன் அது வயிற்றிலும் குடலிலும் பல மணி நேரம் தங்கிச் செல்கிறது. அங்கே வாழும் நுண்ணுயிர்கள்தாம் அதை முதலில் எதிர்கொள்கின்றன. பசுவின் ரூமன் எனப்படும் முதல் வயிற்றில் ஒரு மில்லிலிட்டர் நீர்மத்தில் ஆயிரம் கோடி அளவுக்குப் பாக்டீரியாக்கள் இருக்கும். பன்றியின் பெருங்குடலிலும் ஏறக்குறைய அதே நெருக்கம்தான். இந்தக் கூட்டத்துக்குத் தாது ஊட்டமாகலாம். அது வாழும் இடத்தின் புளிப்பை மாற்றலாம். அளவு மிஞ்சினால் அதன் ஒரு பகுதியைக் கொல்லவும் செய்யலாம். கால்நடை ஊட்டவியல் இந்த மூன்றையும் தெரிந்தே பயன்படுத்தி வந்திருக்கிறது. மூன்றாவதுதான் பெரும் சர்ச்சையில் முடிந்தது.

ஊட்டமாகும் தாதுவுக்குக் கோபால்ட்டைவிடத் தெளிவான சான்று கிடையாது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நியூசிலாந்தின் வடதீவில் எரிமலைச் சாம்பல் படிந்த நிலங்களிலும், ஆஸ்திரேலியாவின் தெற்கு, மேற்குக் கரையோரங்களிலும் ஆடுமாடுகள் பச்சைப் புல்லின் நடுவே நின்றபடியே மெலிந்து செத்தன. நியூசிலாந்தில் அதை இரும்புக் குறைபாடு என்று எண்ணி, லிமோனைட் என்னும் இரும்புத் தாதுவைக் கொடுத்தார்கள். ஓரிடத்து லிமோனைட் நோயைக் குணப்படுத்தியது, இன்னோரிடத்தது பயன்படவில்லை. மேற்கு ஆஸ்திரேலியாவில் டென்மார்க் என்ற ஊரைச் சுற்றியும் இதே மாதிரியான நோய் இருந்தது. அதை ஆராய்ந்த எரிக் அண்டர்வுட்டும் ஃபில்மரும் லிமோனைட்டிலிருந்து இரும்பை நீக்கிவிட்டு, மிஞ்சிய சாற்றை மட்டும் கொடுத்துப் பார்த்தார்கள். கால்நடைகள் தேறின. அந்தச் சாற்றில் வேலை செய்தது கோபால்ட் என்று 1935இல் அவர்கள் காட்டினார்கள். அதே ஆண்டில் தென் ஆஸ்திரேலியாவில் ஹெட்லி மார்ஸ்டனின் குழு ஆடுகளில் செய்த ஆய்வும் அங்கேதான் வந்து சேர்ந்தது.

இதில் ஒரு விடை தெரியாத கேள்வி நெடுநாள் இருந்தது. கோபால்ட்டை வாய்வழி கொடுத்தால் ஆடு பிழைத்தது. ஊசி மூலம் இரத்தத்தில் செலுத்தினால் பெரிய பலன் இல்லை. உடலுக்குத் தேவையான சத்து என்றால் இரத்தத்தில் நேராகச் சேர்ப்பது இன்னும் நன்றாக அல்லவா வேலை செய்ய வேண்டும்? 1948இல் வைட்டமின் பி12 பிரித்தெடுக்கப்பட்டு, அதன் மையத்தில் ஒரு கோபால்ட் அணு இருப்பது தெரிந்ததும் புதிர் விடுபட்டது. பி12ஐச் செடியும் செய்வதில்லை, விலங்கும் செய்வதில்லை. பாக்டீரியாவும் ஆர்க்கியா என்னும் இன்னொரு வகை நுண்ணுயிருமே செய்கின்றன. ஆட்டுக்குத் தேவைப்பட்டது கோபால்ட் அன்று, பி12. அதைத் தயாரிக்க ரூமன் பாக்டீரியாவுக்குத் தேவைப்பட்டதுதான் கோபால்ட். இரத்தத்தில் ஏற்றிய கோபால்ட் ரூமனைப் போதிய அளவில் எட்டவே இல்லை. 1950களின் தொடக்கத்தில் பி12ஐ ஊசியாகப் போட்டபோது கோபால்ட் இல்லாமலேயே ஆட்டுக்குட்டிகள் தேறின.

அசைபோடும் விலங்குகள் இதில் மற்றவற்றைவிட எளிதில் அடிபடுவதற்குக் காரணம் இருக்கிறது. தின்ற மாவுச்சத்தும் நார்ச்சத்தும் ரூமனில் நொதித்துக் கொழுப்பு அமிலங்களாகிவிடுவதால் அவற்றின் குடலுக்குக் குளுக்கோஸ் அதிகம் எட்டுவதில்லை. அந்த அமிலங்களில் ஒன்றான புரோப்பியோனிக் அமிலத்திலிருந்து கல்லீரல் குளுக்கோஸைத் தயாரித்துக்கொள்ள வேண்டும். அந்தப் பாதையின் ஒரு படிக்குப் பி12 இன்றியமையாதது. அது இல்லாவிட்டால் வயிறு நிறையத் தின்றாலும் பட்டினிதான். இத்தனைக்கும் தேவைப்படும் அளவு, ஒரு கிலோ உலர்ந்த தீவனத்துக்கு 0.1 மில்லிகிராம் கோபால்ட். 1950களின் பிற்பகுதியில் ஆஸ்திரேலியாவில் கனமான கோபால்ட் உருண்டைகளைச் செய்து ஆட்டை விழுங்க வைத்தார்கள். உருண்டை ரூமனையொட்டிய வயிற்றறையில் தங்கி, மாதக்கணக்கில் சிறுகச் சிறுகக் கரைந்து பாக்டீரியாவுக்குப் படியளந்தது.

கந்தகமும் இதே வகைதான். தன் புரதத்துக்கு வேண்டிய மெத்தியோனின், சிஸ்டீன் ஆகிய அமினோ அமிலங்களை ரூமன் பாக்டீரியா கனிமக் கந்தகத்தைக் கொண்டே ஆக்கிக்கொள்ளும். வைக்கோலை நம்பியிருக்கும் மாட்டுக்கு யூரியா கொடுத்து நைட்ரஜனைக் கூட்டினால் கந்தகத்தையும் கூட்ட வேண்டும். பத்துக்கு ஒன்று என்பது பொதுவான கணக்கு. தமிழ்நாட்டில் கறவை மாடுகளுக்கு நாள்தோறும் தவிட்டிலோ அடர்தீவனத்திலோ கலந்து கொடுக்கும் தாது உப்புக் கலவையில் சுண்ணாம்புச் சத்து, பாஸ்பரஸ் ஆகியவற்றோடு கந்தகமும் கோபால்ட்டும் இடம்பெறுவதற்கு இதுதான் காரணம். எலும்புக்கும் பாலுக்குமான சத்து என்றே அந்தப் பொட்டலம் பேசப்படுகிறது. அதில் ஒரு பங்கு மாட்டின் வாயிலிருந்து நேரே நுண்ணுயிரின் வாய்க்குப் போகிறது.

கந்தகம் மிஞ்சினால் கதை மாறும். ரூமன் பாக்டீரியா அதை ஹைட்ரஜன் சல்பைடு வாயுவாக்கும். ஏப்பமாக வெளிவரும் அந்த வாயுவை மாடு திரும்ப மூச்சில் இழுக்கும்போது மூளைத் திசு சிதைந்து, கண் தெரியாமல் முட்டி மோதி விழுகிறது. மேய்ச்சலில் மாலிப்டினம் மிகுந்திருந்தால் இன்னொரு சிக்கல்: சல்பைடும் மாலிப்டினமும் கூடி உண்டாகும் சேர்மம் செம்பைப் பற்றிக்கொண்டு உடலுக்குச் சேரவிடாமல் செய்யும். இங்கிலாந்தின் சாமர்செட் பகுதியில் சில புல்வெளிகளில் மேயும் மாடுகளுக்குத் தலைமுறை தலைமுறையாக ஓயாத கழிச்சல் வந்துகொண்டிருந்தது. குற்றவாளி மாலிப்டினம் என்று 1938இல் கண்டறியப்பட்டது. மயில் துத்தம், அதாவது செம்பு சல்பேட், கொடுத்ததும் கழிச்சல் நின்றது. செம்பு குறைவாக இருந்த தீவனமல்ல அது. அந்தச் செம்பைப் பூட்டியதில் ரூமன் நுண்ணுயிர்கள் ஆக்கிய சல்பைடுக்குப் பங்கு உண்டு.

புளிப்பை மாற்றும் தாதுக்களில் முதன்மையானது சோடா உப்பு, அதாவது சோடியம் பைகார்பனேட். பெரிய கறவைப் பசு ஒரு நாளில் 100 லிட்டருக்கும் மேல் எச்சில் சுரக்கிறது. அதிலேயே இந்த உப்பு இருக்கிறது. பசுந்தீவனமும் வைக்கோலும் தின்னும் மாடு நெடுநேரம் அசைபோடுவதால் எச்சில் போதுமானது. மக்காச்சோளமும் அரிசி நொய்யும் அதிகமானால் அசைபோடும் நேரம் குறைகிறது, நொதித்தல் விரைகிறது, ரூமனின் பிஎச் 5.8க்குக் கீழே இறங்குகிறது. நாரைச் செரிக்கும் பாக்டீரியாக்கள் இந்தப் புளிப்பைத் தாங்குவதில்லை. இன்னும் கீழே போனால் லாக்டிக் அமிலத்தைச் சுரக்கும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் போவிஸ், லாக்டோபேசில்லஸ் ஆகியவற்றின் கை ஓங்குகிறது. அவை பெருகப் பெருகப் புளிப்பு இன்னும் ஏறும். தீவனத்தில் சேர்க்கும் சோடா உப்பு இந்தச் சுழலை உடைக்க உதவுகிறது. அது எந்த நுண்ணுயிரையும் கொல்வதில்லை. எவை பிழைக்கலாம் என்பதை மட்டும் மாற்றுகிறது. தீவனத்தையே திருத்திக்கொண்டால் இதன் தேவை பெரும்பாலும் எழாது.

செம்பும் துத்தநாகமும் வேறு தளத்தைச் சேர்ந்தவை. இங்கே கொடுக்கப்படும் அளவு, உடலின் தேவையைப் போல் இருபத்தைந்து மடங்கு, நாற்பது மடங்கு.

வளரும் பன்றிக்குக் கிலோ தீவனத்தில் 5 அல்லது 6 மில்லிகிராம் செம்பு போதும். இங்கிலாந்தின் ரெடிங் அருகே ஷின்ஃபீல்டில் இருந்த பால்பண்ணை ஆய்வு நிறுவனத்தில் பிராடேயும் அவருடைய சகாக்களும் 250 மில்லிகிராம் வரை செம்பைக் கொடுத்து, பன்றிகள் விரைவாக எடை கூடுவதை 1955இல் அறிவித்தார்கள். ஆன்டிபயாடிக்கைச் சிறு அளவில் தீவனத்தில் கலந்தால் கிடைக்கும் பலனை இது ஒத்திருந்தது, விலையோ மலிவு. மயில் துத்தம் உலகெங்கும் பன்றித் தீவனத்தில் இடம்பிடித்தது. அது எப்படி வேலை செய்கிறது என்பதில் சான்றுகள் ஒன்றையொன்று மறுக்கின்றன. நுண்ணுயிரே இல்லாத சூழலில் வளர்க்கப்பட்ட பன்றிகளில் அதிகச் செம்பு வளர்ச்சியைக் கூட்டவில்லை. ஆகவே பாக்டீரியா வழியாகத்தான் பலன் என்று தோன்றும். ஆனால் செம்பைக் குடலில் படாமல் நேரே இரத்தத்தில் செலுத்திய சோதனையிலும் குட்டிகளின் வளர்ச்சி கூடியது. இரண்டு வழிகளும் சேர்ந்து இயங்குகின்றன என்று கொள்வதே நேர்மையான முடிவு. செம்மறி ஆடுகளுக்கு மட்டும் இந்தச் சோதனையெல்லாம் ஆகாது. செம்பு அவற்றின் கல்லீரலில் சேர்ந்துகொண்டே போய் ஒரு நாள் திடீரென்று கொன்றுவிடும். ஐரோப்பிய ஒன்றியம் செம்மறித் தீவனத்துக்கு வைத்திருக்கும் உச்ச வரம்பு கிலோவுக்கு 15 மில்லிகிராம். பன்றித் தீவனத்தை ஆட்டுக்குப் போடுவது ஆபத்து.

துத்தநாக ஆக்சைடின் கதை பன்றிக்குட்டி பால் மறக்கும் வாரத்தில் தொடங்குகிறது. இயற்கையில் பன்றிக்குட்டி மூன்று, நான்கு மாதம் வரை கொஞ்சம் கொஞ்சமாகப் பால் மறக்கும். பண்ணையில் அதை மூன்று, நான்கு வாரத்தில் ஒரே நாளில் தாயிடமிருந்து பிரிக்கிறார்கள். பாலில் வந்துகொண்டிருந்த நோய் எதிர்ப்புப் பொருள்கள் நின்றுவிடும். பயமும் புது இடமும் சேர்ந்து குட்டி ஓரிரு நாள் தின்பதில்லை. அதற்குள் குடலின் உட்புறத்தில் சத்தை உறிஞ்சும் நுண்விரல்கள் குட்டையாகிவிடுகின்றன. பிறகு ஒரேயடியாகத் தின்னும். இரைப்பையில் அமிலம் இன்னும் போதிய அளவு சுரக்காத வயது. தீவனத்தின் புரதமும் சுண்ணாம்பும் இருக்கும் அமிலத்தையும் முறித்துவிடும். செரிக்காத புரதம் கீழே இறங்குகிறது. ஈ.கோலை பாக்டீரியாவின் சில வகைகளுக்கு இதைவிட வசதியான சமயம் வாய்க்காது. எஃப்4, எஃப்18 எனப்படும் நுண்ணிழைகளால் அவை குடற்சுவரைப் பற்றிக்கொண்டு நச்சைச் சுரக்கின்றன. குடல் நீரை வெளியே தள்ளத் தொடங்குகிறது. நீராகக் கழியும் குட்டி ஓரிரு நாளில் செத்துப்போகலாம்.

பால் மறந்த முதல் இரண்டு வாரம் தீவனத்தில் துத்தநாக ஆக்சைடை அதிக அளவில் கலந்தால் இந்தக் கழிச்சல் வெகுவாகக் குறைவதை 1980களின் இறுதியில் டென்மார்க்கில் காட்டினார்கள். இது ஆஸ்திரேலிய ஊரல்ல, பன்றி ஏற்றுமதியில் உலகின் முன்னணியில் நிற்கும் நாடு. குட்டியின் தேவை கிலோ தீவனத்துக்கு 100 மில்லிகிராம் துத்தநாகம். மருந்தாகக் கொடுத்த அளவு 2500 மில்லிகிராம். இரண்டு வாரத்துக்கு மேல் நீட்டினால் அதுவே நஞ்சாகி வளர்ச்சியைக் கெடுக்கும் என்பதால் நாள் கணக்கும் கண்டிப்பாக இருந்தது. இத்தனை எளிய, மலிவான ஒரு வெள்ளைப் பொடிக்கு இவ்வளவு பலன் என்பதால், ஐரோப்பிய ஒன்றியம் 2006 ஜனவரி முதல் வளர்ச்சிக்காக ஆன்டிபயாடிக் கலப்பதை முற்றாகத் தடைசெய்தபோது பண்ணைகள் துத்தநாகத்தின் மேல் இன்னும் அதிகமாகச் சாய்ந்தன.

துத்தநாகம் ஈ.கோலையைக் கொன்று கழிச்சலை நிறுத்துகிறது என்று நினைப்பது இயல்பு. குட்டிகளின் குடலை அறுத்து எண்ணிப் பார்த்த டென்மார்க் ஆய்வுகள் வேறு மாதிரி சொல்லின. அதிக அளவு துத்தநாகம் தின்ற குட்டிகளில் குறைந்தவை லாக்டிக் அமில பாக்டீரியாக்கள், அதாவது நல்லவை என்று பெயரெடுத்தவை. ஈ.கோலை உள்ளிட்ட கூட்டம் குறையவில்லை, சில பகுதிகளில் கூடியும் இருந்தது. ஈ.கோலையின் பல வகைகளும் கலந்து இருந்ததால் நோயுண்டாக்கும் ஒரு வகை தனியாகத் தலைதூக்க முடியாமல் போனது என்று ஒரு விளக்கம். பாக்டீரியா குடற்சுவரில் ஒட்டுவதைத் துத்தநாகம் தடுக்கிறது, குடல் உயிரணுக்களுக்கு இடையிலான இணைப்புகளை இறுக்குகிறது என்பவை மற்ற விளக்கங்கள். நுண்ணுயிர் மொத்தத்தில் குறைந்ததால் தீவனத்தின் சத்தில் பாக்டீரியாவின் பங்கு சுருங்கி, குட்டிக்கு அதிகம் மிஞ்சியது என்றும் வாதிடப்பட்டது. அப்படியானால் ஆன்டிபயாடிக்கின் வேலையைத்தான் ஓர் உலோகம் செய்துகொண்டிருந்தது. பக்க விளைவுகளும் அதேபோல் வந்து சேர்ந்தன.

முதலாவது மண். தின்ற துத்தநாகத்தில் பெரும்பங்கு சாணத்தில் வெளியேறி, அந்தச் சாணம் வயலுக்கு எருவாகப் போகிறது. ஆன்டிபயாடிக் மூலக்கூறு நாளடைவில் சிதையலாம், துத்தநாகம் தனிமம் என்பதால் சிதைய வழியில்லை. ஆண்டுதோறும் சேர்ந்துகொண்டே போகும். அமிலத்தன்மை மிகுந்த மணற்பாங்கான நிலத்திலிருந்து கரைந்து ஓடைகளுக்குப் போய் நீர்வாழ் உயிரிகளைப் பாதிக்கும்.

இரண்டாவது, அதைவிடக் கவலைக்குரியது. உலோகத்தைத் தாங்கும் மரபணுவும் ஆன்டிபயாடிக்கைத் தாங்கும் மரபணுவும் பல பாக்டீரியாக்களில் ஒரே டிஎன்ஏ துண்டில் அருகருகே அமர்ந்திருக்கின்றன. ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் எந்த நெருக்கடியும் மற்றதையும் கூடவே வளர்த்துவிடும். டென்மார்க் பன்றிகளின் என்டெரோகாக்கஸ் பாக்டீரியாவில் டிசிஆர்பி என்ற செம்பு எதிர்ப்பு மரபணு 2002இல் கண்டறியப்பட்டது. பிளாஸ்மிட் எனப்படும் அதே டிஎன்ஏ வளையத்தில் மேக்ரோலைடு வகை மருந்துகளுக்கும் வான்கோமைசினுக்கும் எதிரான மரபணுக்கள் இருந்தன. வான்கோமைசினுக்கு உறவான அவோபார்சினை டென்மார்க் 1995இலேயே தடைசெய்திருந்தது. இருந்தும் பன்றிகளில் வான்கோமைசின் எதிர்ப்பு போகாமல் நின்றது. டைலோசின் என்ற மேக்ரோலைடை நிறுத்திய பிறகே குறையத் தொடங்கியது. ஒரு மருந்தை நிறுத்தினாலும் அண்டை மரபணுவின் தயவில் எதிர்ப்பு பிழைத்துக்கொள்ளும் என்பதற்கு இது நேரடிச் சான்று. செம்பும் அப்படியொரு அண்டைதான். துத்தநாகத்தின் பக்கம், மெத்திசிலினுக்கு அடங்காத ஸ்டாஃபிலோகாக்கஸில் பன்றிகளிடையே பரவிய சிசி398 என்ற வகை இருக்கிறது. அதில் மெத்திசிலின் எதிர்ப்பைச் சுமக்கும் அதே மரபணுத் தொகுதிக்குள் சிஇசட்ஆர்சி என்ற துத்தநாக எதிர்ப்பு மரபணு இருப்பது 2010இல் வெளியானது. குட்டியின் கழிச்சலுக்காகத் தீவனத்தில் போட்ட வெள்ளைப் பொடி, மருத்துவமனைகள் அஞ்சும் கிருமிக்குச் சாதகமாக வேலை செய்யக்கூடும் என்று பொருள்.

ஐரோப்பிய மருந்து முகமை நன்மையையும் தீமையையும் எடைபோட்டு, தீமையே அதிகம் என்றது. 2017 ஜூனில் ஐரோப்பிய ஆணையம் துத்தநாக ஆக்சைடு கலந்த கால்நடை மருந்துகளின் அனுமதியைத் திரும்பப் பெற முடிவுசெய்து, ஐந்தாண்டு அவகாசம் கொடுத்தது. அந்த அவகாசம் 2022 ஜூன் 26இல் முடிந்தது. இப்போது அங்கே பன்றிக்குட்டித் தீவனத்தில் துத்தநாகத்தின் உச்ச வரம்பு கிலோவுக்கு 150 மில்லிகிராம். பால் மறந்து நான்கு வாரம் வரையிலான குட்டிகளுக்குச் செம்பின் வரம்பும் அதே 150. பிறகு அது 100 ஆகக் குறைகிறது. சீனா வேறு வழியில் சென்றது: பால் மறந்த முதல் இரண்டு வாரத்துக்கு மட்டும் 1600 மில்லிகிராம் வரை அனுமதிக்கிறது.

தடைக்குப் பின் தீவனத் தயாரிப்பாளர்களின் கவனம் எதைச் சேர்ப்பது என்பதிலிருந்து எதைக் குறைப்பது என்பதற்குத் திரும்பியது. முதலில் குறைந்தது புரதம். செரிக்காமல் பெருங்குடலுக்குப் போகும் புரதமே கெட்ட நொதித்தலுக்கு உணவு. அடுத்தது சுண்ணாம்புக்கல் தூள். கால்சியம் கார்பனேட் அமிலத்தை முறிப்பதில் தீவனப் பொருள்களிலேயே முன்னணியில் நிற்பது. முதல் இரண்டு வாரம் கால்சியத்தைக் குறைத்தால் இரைப்பை புளிப்பாகவே இருக்கும், ஈ.கோலை அங்கேயே சாகும். துத்தநாக ஆக்சைடுக்கும் அமிலத்தை முறிக்கும் குணம் உண்டு என்பதால் அதை நீக்கியதே இதற்கு உதவியது. ஃபார்மிக் அமிலம் போன்ற கரிம அமிலங்கள் சேர்ப்பது, பால் மறக்கும் நாளைத் தள்ளிப்போடுவது ஆகியவையும் நடைமுறைக்கு வந்தன. பைட்டேஸ் நொதியைச் சேர்த்தால் தானியத்தில் பைட்டேட்டோடு பிணைந்து கிடக்கும் துத்தநாகம் விடுபடும். அனுமதிக்கப்பட்ட 150க்குள்ளேயே குட்டியின் தேவை நிறைவேறும்.

இரும்பில் இந்தத் தந்திரம் இன்னும் நுட்பமானது. ஈ.கோலைக்கு இரும்பு இன்றியமையாதது. இரும்பைத் தேடிப் பிடிக்கவே அது தனிப் பொருள்களைச் சுரக்கிறது. லாக்டோபேசில்லஸ்கள் பலவற்றுக்கு இரும்பு தேவையே இல்லை. அந்த இடத்தில் மாங்கனீஸைக் கொண்டு சமாளிக்கின்றன. தாய்ப்பாலில் இரும்பு குறைவாக இருப்பதும், இருப்பதையும் லாக்டோஃபெரின் என்ற புரதம் பிடித்து வைத்திருப்பதும் குட்டியின் குடலில் எவை வாழலாம் என்பதைத் தீர்மானிக்கின்றன. பண்ணையில் பிறந்த குட்டிக்கு அந்தப் பாலின் இரும்பு போதாமல் சோகை வரும். பிறந்த சில நாள்களுக்குள் 200 மில்லிகிராம் இரும்பை ஊசியாகப் போடுவது வழக்கம். வாய்வழி கொடுப்பதைவிட ஊசி மேல் என்பதற்கு, இரும்பு குடலைத் தொடாமல் இரத்தத்துக்குப் போகிறது என்பதும் ஒரு காரணம். கோபால்ட்டுக்கு எது பலவீனமோ அதுவே இங்கே பலம்.

களிமண் தாதுக்களான பென்டோனைட்டும் ஜியோலைட்டும் நுண்ணுயிரோடு நேரடியாக மோதுவதில்லை. அவற்றின் அடுக்குகளுக்கு இடையே நச்சு மூலக்கூறுகள் சிக்கிக்கொள்ளும். பூஞ்சை பிடித்த பிண்ணாக்கிலும் மக்காச்சோளத்திலும் வரும் அஃப்லாடாக்சின் பி1ஐ மான்ட்மோரிலோனைட் வகைக் களிமண் நன்றாகப் பற்றும். அந்தப் பயனுக்காகப் பென்டோனைட்டை ஐரோப்பிய ஒன்றியம் 2013இல் அனுமதித்தது. ஈ.கோலை தொற்ற வைத்த பன்றிக்குட்டிகளுக்குக் களிமண் கலந்து கொடுத்த சோதனைகளில் கழிச்சல் குறைந்தது. இருந்தாலும் துத்தநாக ஆக்சைடு இருந்த இடத்தைத் தனியாக நிரப்பும் அளவுக்கு எந்தக் களிமண்ணும் இன்னும் தேறவில்லை.

டென்மார்க்கில் 2022க்குப் பிறகு பால் மறந்த குட்டிகளுக்கு நியோமைசின் என்ற ஆன்டிபயாடிக்கின் பயன்பாடு கூடியிருக்கிறது. கழிச்சலுக்குக் கை கொடுத்துவந்த கோலிஸ்டினை அந்நாடு முன்பே ஏறக்குறைய நிறுத்திவிட்டது.  ஆகவே நியோமைசினின் இந்த ஏற்றத்தை இறக்குவதுதான் டேனிஷ் பன்றிப் பண்ணைகளின் உடனடி வேலையாக இருக்கிறது. புரதத்தையும் கால்சியத்தையும் இன்னும் குறைத்த தீவனங்களும், நான்கு வாரத்தைத் தாண்டிய பால் மறப்பும் அங்கே அதற்காகத்தான் சோதிக்கப்படுகின்றன.